மலையின் கணக்கில் எழுதப்படாத நடுக்கம்

2023 பெப்ரவரி 10ஆம் திகதி புத்தல, வெல்லவாயப் பக்கம் நிலம் அதிர்ந்தது. அளவு 3.0. துருக்கியையும் சிரியாவையும் பேரதிர்வு உருக்குலைத்து நான்கே நாளான நேரம். தொலைக்காட்சியில் இடிபாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த சனம் தங்கள் வீட்டுச் சுவரும் ஆடியதைக் கண்டு பதறியதில் வியப்பில்லை. மறுநாளும் ஒரு சிறு அதிர்வு. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் விளக்கம் கொடுத்தது. இவை சிறிய அதிர்வுகள், அஞ்ச வேண்டியதில்லை என்றார்கள். வீடு எதுவும் விழவில்லை, ஆள் யாரும் சாகவில்லை. இரண்டு நாளில் செய்தி அடங்கிவிட்டது.

அதே வெல்லவாயவிலிருந்து ஏ4 வீதியில் மேற்கே, தியலும அருவியைத் தாண்டி ஏறினால் கொஸ்லாந்தை வரும். அதற்கும் மேலே மீரியபெத்தைத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களோடு மனிதரையும் மண் மூடிக்கொண்டது அங்கேதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த வேளை. திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பலருடைய உடல் இன்றுவரை அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது. அடிவாரத்தில் நிலம் அதிர்ந்த அந்த பெப்ரவரியில், மேலே உள்ள சரிவுகளை யாராவது போய்ப் பார்த்தார்களா? உச்சியில் தொங்கிக்கொண்டிருக்கும் கற்பாறை எதுவும் அசைந்திருக்கிறதா, பழைய வெடிப்பு எதுவும் அகன்றிருக்கிறதா என்று கேட்டார்களா? அப்படி ஒரு கேள்வியை அந்நாள்களின் எந்தச் செய்தியிலும் நான் காணவில்லை.

மலையே இல்லாத முன்னேஸ்வரத்தில் இருந்துகொண்டு மலையைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். இங்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிவது கோபுரமும் தென்னையும்தான். ஆனால் எங்களுக்கும் மலைக்கும் நடுவே தெதுரு ஓயா ஓடுகிறது. முன்னைநாதருக்கும் வடிவாம்பிகைக்கும் தீர்த்தமாடும் ஆறு அது. மாத்தளை, கண்டி மலைச்சரிவுகளில் பெய்யும் மழையைக் குருநாகல் வழியாகக் கூட்டிக்கொண்டு வந்து சிலாபத்துக்கு வடக்கே கடலில் சேர்க்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கடந்தபோது மாத்தளை மாவட்டத்தின் சில இடங்களில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றரையும் தாண்டி மழை கொட்டியது. மலை நாடு முழுக்கச் சரிந்தது. நாடெங்கும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள், கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் ஊர்களே மண்ணுக்குள் போயின. சிலாபப் பக்கத்துக்கு வந்தது தண்ணீர். மேலே கரைந்த மண் எந்த நிறமோ அந்த நிறத்தில் எங்கள் தெருக்களில் நின்றது. மலைச்சரிவின் கடைசி அத்தியாயம் கரையோரத்தில்தான் எழுதப்படுகிறது. ஆகவே முதல் அத்தியாயத்தைப் பற்றிக் கேட்க எங்களுக்கும் உரிமை உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 3.0 அளவுள்ள ஓர் அதிர்வு தானாக ஒரு மலையைச் சரித்துவிடாது. அமெரிக்கப் புவியியலாளர் டேவிட் கீஃபர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. பழைய நிலநடுக்கங்கள் 40ஐ எடுத்து, எந்த அளவில் எந்த வகைச் சரிவு தொடங்குகிறது என்று அவர் பார்த்தார். தனிக் கற்கள் உருளுவதற்கும் சிறு மண்சரிவுக்கும் ஏறத்தாழ 4.0 வேண்டும். பெரும் பாறைச் சரிவுகளுக்கு 6.0 அளவிலாவது வேண்டும். அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். 2.0க்கும் 4.0க்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆகவே 2020இல் கண்டிப் பக்கம் வந்த திகன அதிர்வையோ புத்தல அதிர்வையோ காட்டி மலைநாடே கவிழப்போகிறது என்று கைப்பேசியில் குரல் பதிவு அனுப்புகிறவர்கள் பொய்தான் பரப்புகிறார்கள். அவர்களை நம்ப வேண்டாம்.

ஆனால் கீஃபரின் கணக்கை முழுதாக வாசிக்க வேண்டும். அது பலவகை நிலங்களின் சராசரி. நாங்கள் குடியிருக்கும் நிலம் எப்படிப்பட்டது என்பது வேறு கேள்வி.

2011 ஓகஸ்ட் 23ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் மினரல் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 5.8 அளவில் நிலம் நடுங்கியது. உலகக் கணக்கில் நடுத்தரமான அதிர்வு. ராண்டல் ஜிப்சன், எட்வின் ஹார்ப் என்ற இரு புவியியலாளர்கள் வீதியோரப் பாறைகளையும் ஆற்றங்கரைகளையும் பார்த்துக்கொண்டே போனார்கள். பழைய கணக்குப்படி 60 கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு கல்கூட விழுந்திருக்கக் கூடாது. 245 கிலோமீற்றர் வரை கல் விழுந்திருந்தது. கல் விழுந்த பரப்பு, அந்த அளவுள்ள அதிர்வுக்கு அதுவரை அறியப்பட்ட எல்லையைப்போல் 20 மடங்கு. அந்தப் பகுதியின் அடித்தளம் பழைய, இறுகிய, அதிகம் உடையாத பாறை. அப்படிப்பட்ட பாறையில் அதிர்வலை மெதுவாகத்தான் தேயும், ஆகவே நெடுந்தூரம் போகும்.

இலங்கையின் மத்திய மலைநாடும் அந்த வகைப் பழம்பாறைதான். ஐம்பது கோடி ஆண்டுக்கும் முந்திய வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி இறுகிய நெய்ஸ், சார்னோகைட், பளிங்கு, குவார்ட்சைட். எங்கள் பாறை பழையது, ஆகவே நாம் பாதுகாப்பு என்று இவ்வளவு காலமும் சொல்லி வருகிறோம். நிலநடுக்கம் அடிக்கடி வராது என்பதற்கு அது சரியான காரணம். வந்தால் தூரம் போகும் என்பதற்கும் அதே பாறைதான் காரணம். இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை.

வந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1615 ஏப்ரல் 14 அன்று கொழும்பில் நிலம் நடுங்கி வீடுகள் பெருமளவில் இடிந்ததாகப் போர்த்துக்கேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். (அதற்கு முன்பே, 1578இல், முன்னேஸ்வரம் கோயிலை இடித்ததும் அவர்கள்தான். அதற்கு எந்த நிலநடுக்கமும் தேவைப்படவில்லை.) இன்று அதே அளவில் ஒன்று வந்தால் கொழும்பின் மாடிக் கட்டடங்கள் என்னவாகும் என்று எல்லோரும் யோசிப்பார்கள். கடுகண்ணாவைக் கணவாயின் பாறைகள் என்னவாகும் என்று யோசிப்பவர்கள் குறைவு.

அந்தப் பாறைகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மலைநாட்டுத் தேயிலைச் சரிவில் யானை அளவில் உருண்டு திரண்டு நிற்கும் கற்களில் பெரும்பாலானவை மேலிருந்து விழுந்தவை அல்ல. ஒரு காலத்தில் அந்த மலையின் உள்ளே இருந்தவை. வெடிப்புகள் வழியே மழைநீர் இறங்கி, விளிம்பு முதலில் மக்கி மண்ணாகி, நடுக்கல் மட்டும் உருண்டையாக மிஞ்சியது. பிறகு சுற்றியிருந்த மண்ணை மழை கழுவிக்கொண்டு போனது. காடு இருந்தவரை வேர் பிடித்து வைத்தது. காட்டை அழித்துக் கோப்பியும் தேயிலையும் போட்டபின் மண் இன்னும் வேகமாய்ப் போனது. கடைசியில் அந்தக் கல் அடுப்புக்கல்லில் வைத்த பானையைப்போல இரண்டு மூன்று இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஐம்பது வருடம் அப்படியே இருக்கலாம். அடியில் ஒரு கை மண் கரைந்தால் புறப்படலாம். அப்படி விளிம்பில் நிற்கும் கல்லுக்கு என்ன அளவில் குலுக்கல் போதும் என்பதற்கு எந்தச் சராசரியும் பதில் தராது. மலை உச்சியிலும் முகட்டிலும் நடுக்கம் அடிவாரத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது இன்னொரு விஷயம். அதிர்வலை முகட்டில் குவிந்து பெருகும். தொங்கும் கற்கள் இருப்பதும் அங்கேதான்.

ஆவணி மாதத்து மஹோற்சவத்துக்கு மலையகத்திலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் இங்கே வரும். பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் தேங்காய்க் கடை நிழலில் உட்கார்ந்திருந்த லுணுகலைப் பக்கத்து அம்மா ஒருவரிடம் ஒரு முறை பேச்சுக் கொடுத்தேன். அவர் தோட்டத்து லயத்துக்கு மேலே ஒரு கல் நிற்கிறதாம். “மழ பேஞ்சா ஜீஎஸ் மாத்தயா வந்து ஸ்கூலுக்குப் போங்கன்னு சொல்லுவாரு தம்பி. நாங்களும் பாயச் சுருட்டிக்கிட்டுப் போயிருவோம். மழ விட்டா திரும்பி வந்துருவோம். கல்லு அங்கேயேதான் நிக்கும்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் வரும் வழியில்தான் பசறை 13ஆம் கட்டை இருக்கிறது. வீதியில் விழுந்த ஒரு பாறையை நேரத்துக்கு அகற்றாமல் விட்டதால் பாதை ஒடுங்கிக் கிடந்தது. 2021 மார்ச் 20 காலை தனியார் பஸ் ஒன்று அந்த ஒடுக்கத்தில் பள்ளத்துக்குள் போனது. 14 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். விழும்போது யாரையும் கொல்லாத கல், விழுந்து கிடந்து கொன்றது.

அந்த அம்மா சொன்ன மழைக்கணக்கு வீணானது அல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் மண்சரிவு எச்சரிக்கை மூன்று படி கொண்டது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாயிருங்கள், 100 என்றால் தயாராகுங்கள், 150 என்றால் வெளியேறுங்கள். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம்தான். எளிமையான, கிராமத்து மழைமானியை வைத்தே பின்பற்றக்கூடிய விதி. இந்த நாட்டில் மண்சரிவில் பெரும்பகுதி மழையால்தான் வருகிறது என்பதால் விதியும் மழையை வைத்தே அமைந்தது. எத்தனையோ உயிரை அது காப்பாற்றியிருக்கிறது.

குறை எங்கே என்றால், அந்த விதிக்கு ஒரே ஒரு காதுதான். மழையின் சத்தம் கேட்கும், நிலத்தின் சத்தம் கேட்காது. நேற்று அதிர்ந்த சரிவுக்கும் நூறு வருடம் அசையாத சரிவுக்கும் ஒரே 75, 100, 150. டித்வாவில் பாதி சரிந்து, மேலே வெடிப்போடு நின்றுவிட்ட மலைகளுக்கும் அதே கணக்குத்தானா என்பதுதான் இப்போது மலையகம் முழுக்க எழும் கேள்வி. அந்தக் கேள்வியோடு அதிர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் வாதம்.

ஏன் சேரவில்லை? அலுவலகம் இரண்டு. நிலம் ஆடியதைப் பதிவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். சரிவைப் பார்ப்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனம். பணியகத்துக்குப் பல்லேகலை, ஹக்மன, மகாகனதராவ, புத்தங்கல ஆகிய இடங்களில் அதிர்வுமானி நிலையங்கள் உண்டு. ஒன்றில் அதிர்வு பதிவானால் இடத்தையும் அளவையும் கணித்து அறிக்கை விடுகிறார்கள். அறிக்கை ஊடகத்துக்குப் போகிறது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குப் போகிறது. அந்த இடத்தைச் சுற்றி வரைபடத்தில் சிவப்பாகக் குறிக்கப்பட்ட சரிவுகள் எவை, அவற்றின் கீழே எத்தனை குடும்பம் இருக்கிறது என்ற பட்டியல் மற்ற நிறுவனத்தின் அலுமாரியில் இருக்கிறது. மண்சரிவு அபாய வரைபடத்தை 1990களிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறார்கள். நல்ல வரைபடம். அதிர்வு வந்த அன்று இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்ப்பது யாருடைய கடமை என்று வகுத்திருப்பதாகத் தெரியவில்லை.

2020ஐ நினைத்துப் பாருங்கள். ஓகஸ்ட் 29 இரவு கண்டிக்குக் கிழக்கே திகன பக்கம் நிலம் அதிர்ந்தது. ஆண்டு முடிவதற்குள் திரும்பத் திரும்ப வந்தது. எல்லாம் சிறியவை. சனத்துக்கு உடனே தோன்றியது இரண்டு சந்தேகம். ஒன்று, பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிகளின் வெடி. மற்றது, 122 மீற்றர் உயர விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம். இரண்டாவது சந்தேகத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. 1967 டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தின் கொய்னா நீர்த்தேக்கத்தை அடுத்து 6.3 அளவில் நிலம் நடுங்கி 180 பேர் அளவில் இறந்தார்கள். நீர்த்தேக்கம் நிலத்தை அதிரவைக்கும் என்பதற்கு உலகப் பாடநூல்கள் காட்டும் உதாரணம் அதுதான். திகனவில் நிபுணர் குழு போனது, இயற்கையான சிற்றதிர்வு என்றார்கள், வாதம் ஓய்ந்தது. அணைக்கு ஆபத்தா என்று கேட்டார்கள், குவாரிதான் காரணமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள். பக்கத்துச் சரிவுகளைப் பற்றிய கேள்வி அப்போதும் எழவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல்லேகலை நிலையம் திகனவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் அவ்வளவு சிறிய அதிர்வுகளும் சிக்கின. அப்புத்தளை முகட்டிலோ நக்கிள்ஸ் தொடரிலோ அதே அளவில் ஒன்று வந்தால் அதே துல்லியத்தோடு இடம் குறிக்க முடியுமா? நான்கு நிலையம் போதுமா? மலைநாட்டுக்குள் இன்னும் சில சிறிய கருவிகளை வைப்பது அரசாங்கச் செலவுக் கணக்கில் பெரிய தொகை அல்ல.

அலுவலக விஷயத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. கல்குவாரிக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் அதே பணியகம்தான். எங்கள் தெதுரு ஓயாவில் மணல் அள்ள அனுமதி கொடுப்பதும் அதுதான். அந்த மணல் அகழ்வால் ஆற்றின் படுகை தாழ்ந்து, கரை சரிந்து, உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிய கதை சிலாபத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெடி வைக்க அனுமதித்த அலுவலகமே, ‘நிலம் ஆடியது வெடியாலா?’ என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே இருக்கும் விஞ்ஞானிகளின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்படி ஓர் இக்கட்டில் அவர்களை உட்கார வைத்திருக்கும் ஏற்பாட்டில்தான் சந்தேகம். அதிர்வைப் பதிவதை அனுமதி வழங்கும் வேலையிலிருந்து பிரிப்பது நல்லது. பல்கலைக்கழகங்களிடம் கொடுக்கலாம், பேராதனை பக்கத்திலேயே இருக்கிறது.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? ஜப்பானில் ஒரு பகுதி பலமாகக் குலுங்கினால், அதன்பிறகு அந்தப் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கைக்கான மழை வரம்பை வழமையின் 80, 70 விழுக்காடாகக் குறைத்துவிடுகிறார்கள். நிலம் தளர்ந்திருக்கிறது, ஆகவே குறைந்த மழையே போதும் என்ற கணக்கு. தாய்வான் இதைப் பட்டறிந்தது. 1999 செப்ரெம்பர் 21இல் அங்கே வந்த பெரும் நிலநடுக்கம் மலைகளை உலுக்கிவிட்டுப் போனது. இரண்டு வருடம் கழித்து 2001இல் தொராஜி சூறாவளி வந்தபோது, அசைந்து நின்ற மண்ணெல்லாம் சேறாகி இறங்கியது. அதன்பின் அவர்களும் வரம்பைக் குறைத்தார்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் 2011 பெப்ரவரி 22 அதிர்வில் போர்ட் ஹில்ஸ் குன்றுகளிலிருந்து ஆயிரக்கணக்கான கற்கள் வீடுகளுக்குள் உருண்டன. பிறகு கல் உருளும் பாதையில் இருந்த நூற்றுக்கணக்கான வீட்டுக்காரருக்கு அரசே பணம் கொடுத்து அவர்களை இடம்பெயர்த்தது.

இவை எல்லாம் பெரிய அதிர்வுகள். புத்தலயில் 3.0 வந்ததற்காக ஊவா முழுக்க மழை வரம்பைக் குறையுங்கள் என்று கேட்டால் அது மிகை. மழைக்காலம் முழுக்கச் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலைக்கும் லயத்துக்கும் நடுவே அலைந்து, மூன்றாம் முறை கூப்பிட்டால் வரமாட்டார்கள். நான் கேட்பது மிகச் சிறிய விஷயம். அதிர்வு பதிவானால், அதைச் சுற்றி ஏற்கெனவே அபாயம் என்று குறித்த சரிவுகளுக்கு ஆள் போய்ப் பார்க்கட்டும். வெடிப்பின் இரு பக்கமும் ஆணி அடித்து, நடுவே உள்ள இடைவெளியை அளந்து எழுதி வைப்பதற்குப் பட்டம் பெற்ற ஆள் தேவையில்லை. தோட்டத்து இளைஞர் ஒருவருக்கு அரை நாளில் சொல்லிக் கொடுக்கலாம். ஊற்று கலங்குகிறதா, கதவு இறுகுகிறதா, கித்துள் மரம் சாய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அங்கே குடியிருப்பவர் கண்ணில்தான் முதலில் படும். பார்த்ததைச் சொன்னால் மலையேறி வந்து பார்க்க ஒரு பொறியியலாளர் கிடைப்பார் என்ற உறுதிதான் இப்போது இல்லை.

அளந்தால் மட்டும் போதுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மீரியபெத்தையைவிடப் பெரிய சாட்சி இல்லை. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எங்கே போவது? லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். நிலம் அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்கு. குடியிருப்பவருக்குச் சொந்தமென்று பத்துப் பேர்ச்சஸ்கூட இல்லை. காணி இல்லாதவனிடம் ‘வெளியேறு’ என்றால் அதற்குப் பொருள் ‘மழை விடும்வரை வெளியே நில்’ என்பதுதான். லுணுகலை அம்மா சிரித்ததும் அதற்காகத்தான். டித்வாவுக்குப் பிறகு பாதுகாப்பான இடத்தில் வீடும் காணியும் தருவோம் என்ற பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. 2014க்குப் பிறகும் எழுந்தது. அந்தப் பட்டியலைப் போடும்போது வெள்ளத்திலும் சரிவிலும் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களோடு, தொங்கும் கல்லுக்குக் கீழே இருப்பவர்களையும் சேர்க்க வேண்டும். 2025 நவம்பர் 22இல் பஹல கடுகண்ணாவையில், புயல் வருவதற்கு முன்னரே, கண்டி வீதியோரக் கடையொன்றின்மேல் பாறையும் மண்ணும் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். அங்கே நின்றவர்கள் எந்த அபாயப் பட்டியலிலும் இருந்திருக்க மாட்டார்கள், தேநீர் குடிக்கவோ சாமான் வாங்கவோ இறங்கியவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம்.

எச்சரிக்கை எந்த அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்குக் கேரளத்தின் வயநாட்டைச் சொல்லலாம். 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை மண் அள்ளிக்கொண்டு போய்ப் பத்து நாள் கழித்து, ஓகஸ்ட் 9 அன்று மாவட்டத்தின் சில ஊர்களில் நிலத்துக்கு அடியிலிருந்து முழக்கம் கேட்டதாகவும் அதிர்ந்ததாகவும் சனம் சொன்னது. இந்திய நில அதிர்வு ஆய்வு மையம் தங்கள் கருவிகளில் நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை என்று அறிவித்தது. சரிந்த மலையின் உள்ளே பாறை நகர்ந்து அமர்வதாலும் அப்படிச் சத்தம் வரும் என்று விளக்கினார்கள். ‘நிலநடுக்கம் இல்லை’ என்பது உண்மை. ‘அஞ்ச ஒன்றுமில்லை’ என்பது வேறு. சரிந்த மலைக்குள் பாறை நகர்கிறது என்றால் கீழே இருப்பவருக்கு அது முக்கியமான செய்திதான். சத்தம் கேட்டதும் சனத்தை அப்புறப்படுத்திய அதிகாரிகளுக்கு அது புரிந்திருந்தது.

இங்கே அதே நிலை வந்தால்? டித்வா நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் பிந்தித்தான் வந்தன, சில வேளைகளில் வரவேயில்லை என்ற குற்றச்சாட்டு வலுவாக எழுந்தது. மண்சரிவு அபாயம் மிகுந்த பதுளையிலும் நுவரெலியாவிலும் தோட்டத்துச் சனம் வாசிப்பது தமிழ். அதிர்வு அறிக்கையில் இப்போது வருவது அளவு, இடம், நேரம், ‘சேதமில்லை’ என்ற ஒரு வரி. அந்த ஒரு வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்க்க முடியாதா? எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் எந்தச் சரிவுகளைப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒன்று. கல் அசைந்ததாகவோ வெடிப்பு விரிந்ததாகவோ கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குத் தமிழிலேயே சொல்லலாம், சொன்னால் இத்தனை நாளில் ஆள் வரும் என்று மற்றொன்று. அறிக்கை சிங்களத்தில் வெளியாகும் அதே மணிக்கு அது தமிழிலும் வெளியாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் விடுமுறையில் இருக்கிறார் என்ற பதிலை நாங்கள் பல ஆண்டாகக் கேட்டுவிட்டோம்.